மூடி கழன்ற விஜயதசமி

சர்வருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். மேசையின் முன்கால்கள் இரண்டிலும் வாழைக்கன்று. ஏசி அறை முழுக்கச் சாம்பிராணி. நான் செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனபோது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருபது பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் புதுச்சட்டை. ஒருவர் கையில் தாம்பாளம். அதில் கற்பூரம், இன்னும் ஏற்றவில்லை.

கஸ்தூரி அக்காவின் திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. சர்வரைக் காணவில்லை.

காணாமல் போன சர்வர் அவருக்குப் பத்தடி தூரத்தில், மாலையும் கழுத்துமாக, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

“மணி பத்தாச்சும்மா. பன்னெண்டுக்கு ராகுகாலம்,” என்றார் முதலாளி. அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

முதல் சுருள்

அப்போது பாடியில் இரண்டே அறைகளில் நடந்த ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் நான் சர்வீஸ் எஞ்சினியர். டிப்ளமா முடித்து இரண்டாவது வருடம். தோள்பையில் ஸ்க்ரூடிரைவர் இரண்டு, மல்டிமீட்டர் ஒன்று, பென்சில் ரப்பர் ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் பத்துப் பன்னிரண்டு கம்பெனிகள் என் பொறுப்பு.

அவற்றில் ஒன்றுதான் இது. மண்வாரும் இயந்திரங்களில் எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய்கள் இருக்குமே, அவற்றின் முனையில் மாட்டும் இரும்பு இணைப்புகளைச் செய்தார்கள். நாற்பது தொழிலாளர்கள். கடைசல் மெஷின்கள் ஒரு வரிசை, துளை போடும் மெஷின்கள் ஒரு வரிசை, பிறகு சோதனை, பேக்கிங். முன்பக்கம் ஆபீஸ்.

எஸ்டேட் முழுக்க ஆயுத பூஜை உண்டு. இங்கே அதற்கு மறுநாள்தான் விசேஷம். விஜயதசமியன்று நல்ல நேரத்துக்குள் எல்லா மெஷினையும் ஒரு முறை ஓட்டிவிட வேண்டும். கடைசல் மெஷினில் இரும்பைச் சீவும்போது முதலில் வரும் சுருளை முதலாளி கையாலேயே எடுப்பார். ஒரு காகிதத்தில் மடித்து, மெஷின் எண்ணை எழுதி, சாமி படத்துக்குக் கீழே வைப்பார். அடுத்த விஜயதசமி வரை அது அங்கேயே இருக்கும்.

அன்று ஓடாத மெஷினை அவர் வைத்துக்கொள்வதில்லை.

இது மிரட்டல் இல்லை, அவருடைய பழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு துளை போடும் மெஷின் அன்று மக்கர் செய்தது. மறுவாரமே லாரியில் ஏறிப் பாடிக்குப் போய்விட்டது. போன இடத்தில் இன்றுவரை அருமையாக ஓடுகிறதாம். அதைச் சொன்னாலும் முதலாளி வருத்தப்பட மாட்டார். “அது அவங்க வீட்டு மெஷின். இங்க வழி தவறி வந்திருக்கு,” என்பார்.

கம்ப்யூட்டர்கள் வந்தது அந்த வருடம் ஆனி மாதத்தில். சர்வர் ஒன்று, அதோடு இணைந்த கம்ப்யூட்டர்கள் மூன்று. இது அவற்றுக்கு முதல் விஜயதசமி. கம்ப்யூட்டரில் சுருள் வராதே என்று யோசித்து, சரக்கோடு போகும் டெலிவரி சலான் ஒன்றை அச்சடித்துத் தந்தால் போதும் என்று முதலாளியே முடிவு செய்திருந்தார். சலான் படிவம் சர்வருக்குள் இருந்தது. சர்வரைக் காணவில்லை.

கஸ்தூரி அக்காவின் நாற்காலி

கஸ்தூரி அக்கா கொரட்டூரிலிருந்து வருவார். அந்தக் கம்பெனியில் பதினைந்து வருடம் டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் வந்த அன்று, அவருடைய டைப்ரைட்டரை ஒரு தட்டச்சுப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டோவில் ஏற்றும்போது அவர் போய் அதன் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு வந்தார். அதற்கு மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் ஆபரேட்டர்.

கற்றுக்கொடுத்தவள் நான். இருபத்திரண்டு வயதுப் பெண் சொல்கிறாளே என்று அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒன்று மட்டும் அவருக்கு ஆகாது. கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். “முன்னாடி எவ்ளோ வேணா கேளு வசந்தி, செய்யறேன். பின்னாடி என்னைக் கூப்பிடாதே. ஒயரைப் பார்த்தாலே எனக்குப் படபடன்னு வருது.”

அன்று காலை ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போன் செய்ததும் அவர்தான். எங்கள் வரிசைக்கே ஒரு போன், சார்ஜ்மேன் மாமா வீட்டில். மாமி என்னை மாடியைப் பார்த்துக் கூவி அழைத்தார். எங்கள் வீட்டில் அன்று விடுமுறைச் சமையல். அப்பா தொழிற்சாலையில் இருபது வருடம் ஷிப்ட் பார்த்தவர். கூப்பிட்டால் போக வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. சட்னியை மட்டும் தொட்டுக்கொண்டு இரண்டு இட்லி தின்றுவிட்டு ஓடினேன். பட்டரவாக்கத்தில் இறங்கித் தண்டவாள ஓரமாகவே நடந்தால் எஸ்டேட் பத்து நிமிடம்.

என்னைப் பார்த்ததும் கஸ்தூரி அக்கா அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

“இன்னிக்கு ஓடலைன்னா அவர் தூக்கிடுவாரு வசந்தி. டைப்ரைட்டரும் போயாச்சு. அப்புறம் எனக்குப் பேக்கிங்தான். அங்க உக்கார ஒரு நாற்காலி கூடக் கிடையாது.”

பேக்கிங் பெண்கள் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை செய்வார்கள். கஸ்தூரி அக்காவுக்கு நாற்பத்தோரு வயது. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வருகிறவர்.

சர்வர் என்றால்

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். இந்தத் தொடருக்குப் போன வாரம் வந்த கடிதங்களில் ஒன்று, ‘சர்வர் சர்வர் என்கிறீர்களே, அது என்ன சாமான்?’ என்று கேட்டிருந்தது.

நியாயமான கேள்வி. எங்கள் சார்ஜ்மேன் வீட்டு மாமிகூட நான் சர்வர் வேலை பார்ப்பதாகத்தான் ரொம்ப நாள் நினைத்திருந்தார். பாவம், படித்த பெண்ணை இப்படி ஓட்டலில் விட்டுவிட்டார்களே என்று அம்மாவிடம் வருத்தப்பட்டாராம். ஆனால் அவர் நினைத்ததில் பெரிய தவறில்லை. ஒவ்வொரு மேசையிலிருந்தும் கேட்பதை உள்ளேயிருந்து எடுத்து வந்து வைப்பதுதான் இதற்கும் வேலை. சரக்கு விவரம், பார்ட்டி விலாசம், சலான் எல்லாம் அதனிடம். மற்றக் கம்ப்யூட்டர்கள் வாடிக்கையாளர்கள்.

அந்தக் காலத்து சர்வரில் ஒரு வேடிக்கை உண்டு. யாரும் தொடாமல் விட்டால் கறுப்புத் திரையில் ஒரு பாம்பு ஊரும். சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன பாம்பு. வேலை கூடினால் வேகமாக ஓடும், வாலும் நீளும். சர்வர் எவ்வளவு பரபரப்பாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வைத்த ஏற்பாடு.

முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இது தெரியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காவல்காரர் எனக்குப் போன் செய்தார். “பொட்டிக்குள்ள பாம்பு பூந்துகினு கீதும்மா. அடிச்சிடவா?” அடிக்க வேண்டாம் என்று கெஞ்சி, மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் மனைவியின் யோசனைப்படி சர்வர் முன்னால் ஒரு கிண்ணத்தில் பால் வைத்திருந்தார். பால் கிண்ணத்தைப் பத்திரமாக எடுத்து அப்பால் வைத்ததுதான் அன்று நான் செய்த பழுதுபார்ப்பு.

என் நோட்டில் அதையும் எழுதினேன். ‘கோளாறு: இல்லை. செய்தது: பாலை அகற்றியது.’

பதினான்கு வரிகள்

அந்த நோட்டைப் பற்றி. எனக்குப் பட்டியல் போடாமல் எதுவும் ஓடாது. மளிகைக்கும் பட்டியல், ஊருக்குப் போகும்போதும் பட்டியல். சர்வர் படுத்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் பதினான்கு வரிகள் எழுதியிருந்தேன்.

முதல் வரி, கரண்ட் வருகிறதா? சிரிக்காதீர்கள். பாதிக் கோளாறு அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது, திரையின் வெளிச்சத் திருகை யாராவது குறைத்து வைத்திருக்கிறார்களா? கரண்ட் செலவு மிச்சமாகும் என்று ஒரு கணக்குப்பிள்ளை தினமும் மாலையில் அதைக் குறைத்துவிட்டு, காலையில் சர்வர் செத்துவிட்டதாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது, நேற்று யாராவது மேசையை நகர்த்தினார்களா?

மூன்றாவது கேள்விக்கு மட்டும் எல்லா ஊரிலும் ஒரே பதில். இல்லவே இல்லை. மேசைக்காலின் பழைய தடம் தரையில் அரை அடி தள்ளித் தெரியும்.

அன்று வரிசையாகப் போனேன். கரண்ட் இருந்தது. திரை இருந்தது. மேசை நகரவில்லை. சர்வரை முறைப்படி நிறுத்தி, மறுபடி எழுப்பினேன். மல்லிகைச் சரம் காற்றுத் துளையை மறைத்ததால் அதை மட்டும் கொஞ்சம் ஒதுக்கினேன். பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து ஒரு சின்ன முணுமுணுப்பு. சர்வர் ஒரு குறையும் சொல்லாமல் எழுந்தது.

மூன்று கம்ப்யூட்டரிலும் அதே வரி. அப்படியானால் கோளாறு ஒரு கம்ப்யூட்டரில் இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றில். பொதுவானது ஒரு கேபிள்தான்.

சுண்டுவிரலை விடச் சற்று மெல்லிய கறுப்புக் கேபிள். சர்வரில் தொடங்கி, கஸ்தூரி அக்கா மேசை, திட்டப் பிரிவு மேசை என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகையும் தொட்டுக்கொண்டு, கடைசியில் ஸ்டோர் அறையில் முடியும். நடுவில் எங்கே அறுந்தாலும் எல்லோருக்கும் போச்சு. அதன் இரண்டு கோடியிலும் கட்டைவிரல் கணு அளவில் ஒரு உலோக மூடி இருக்கும். பார்க்க வெறும் மூடி. உள்ளே ஒரு குட்டி மின்தடை. கேபிள் வழியே போகும் சமிக்ஞை கோடியில் முட்டித் திரும்பி வந்து குழப்பம் பண்ணாமல் அது உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் தடையின் அளவு ஐம்பது ஓம்.

கஸ்தூரி அக்காவின் மேசைக்கடியில் படுத்து, கேபிளைப் பிரிக்காமல் கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து மட்டும் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். ஐம்பது என்று காட்டியது.

ஐம்பது. மூடியின் அளவு ஐம்பது. சரி. ஒன்பதாவது வரியில் டிக் போட்டேன்.

இந்தத் தொழிலில் நான் போட்ட டிக்குகளில் மிகவும் முட்டாள்தனமானது அதுதான்.

ஒரு மணி நேரம்

கேபிள் சரி என்று முடிவுகட்டிவிட்டதால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். சர்வரைத் திறந்தேன். சந்தனத்தில் விரல் பட்டுவிடாமல் திறப்பது தனிக் கலை. உள்ளே இருந்த நெட்வொர்க் கார்டை உருவி, அதன் தங்க நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். மாட்டினேன். இல்லை. கஸ்தூரி அக்காவின் கம்ப்யூட்டரிலும் அதையே செய்தேன். இல்லை.

வெளியே பொரிகடலை வினியோகம் முடிந்துவிட்டது. கடைசல் மெஷின்களின் சுருள்கள் காகிதப் பொட்டலங்களாக முதலாளி மேசையில் வரிசையாக இருந்தன. ஒரு பொட்டலத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். யாரோ ஒருவர், அந்தக் காலத்தில் கார்பன் பேப்பர் வைத்து எழுதினால் ராகுகாலமாவது ஒன்றாவது என்று சொன்னார். கஸ்தூரி அக்கா தன் நாற்காலியில் உட்காராமல், அதன் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

பதினொன்று இருபதுக்கு என் பட்டியல் தீர்ந்துபோனது. பதினான்கு வரிக்கும் டிக். சர்வர் மட்டும் இல்லை.

வேறு வழி தெரியாமல் நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஆனி மாதம் கேபிள் போட்ட அன்று நானே எழுதிய பக்கம் வந்தது. கேபிளின் நீளம், கம்ப்யூட்டர்களின் எண்கள், அதற்குக் கீழே ஒரு வரி. ‘கேபிள் அளவு: 25.’

இருபத்தைந்தா?

அரை நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முதலாமாண்டுப் பாடம் தலையில் குட்டியது. மூடிகள் இரண்டு. ஐம்பதும் ஐம்பதும் பக்கம் பக்கமாக நின்றால் மீட்டரில் இருபத்தைந்துதான் வரவேண்டும். ஐம்பது வந்தால் ஒரு மூடி இல்லை என்று அர்த்தம். எது கோளாறின் கையெழுத்தோ, அதற்கே நான் டிக் போட்டிருக்கிறேன்.

சர்வர் பக்கத்து மூடி என் கண் முன்னால் இருந்தது. ஸ்டோர் அறைக்கு ஓடினேன்.

முனுசாமியின் நியாயம்

ஸ்டோர் கம்ப்யூட்டரின் பின்பக்கம் அவ்வளவு சுத்தமாக நான் எந்தக் கம்ப்யூட்டரையும் பார்த்ததில்லை. மண்ணெண்ணெய் வாசனை. ஒரு பொட்டுத் தூசி இல்லை. மூடி இருக்க வேண்டிய இடம் பளபளவென்று காலியாக இருந்தது.

இங்கே யார் துடைத்தது என்று கேட்டேன். முனுசாமி என்றார்கள். முனுசாமி சோதனைப் பிரிவில் மூத்த ஆள், பாடிக்காரர். கையில் பொரியோடு வந்தார். அவரைப் பின்தொடர்ந்து முதலாளி, கஸ்தூரி அக்கா, மற்ற எல்லோரும் வந்தார்கள்.

“இங்க ஒரு மூடி இருந்துச்சேண்ணா?”

“ஆமாம்மா. முந்தாநாள் தொடைக்க சொல்ல நாந்தான் கயட்டுனேன். பொட்டி வந்து நாலு மாசமாவுது. மூடியக்கூட கயட்டாம ஓட்டிகினு கீறீங்க. யாருமே பாக்கலியேன்னு நானே கயட்டுனேன்.”

குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. ஒரு பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

அவர் பக்கத்து நியாயத்தைப் பிறகு நிதானமாக யோசித்திருக்கிறேன். அந்தக் கம்பெனியில் இரும்பு இணைப்புகள் எல்லாவற்றுக்கும் வாயில் ஒரு மூடி போடுவார்கள். தூசி போகக் கூடாது, அவ்வளவுதான். ஓர் இணைப்பை வேலைக்கு எடுக்கும்போது முதல் காரியம் மூடியைக் கழற்றித் தொட்டியில் போடுவது. மூடியைக் கழற்றாமல் சோதனைக்கு அனுப்புகிறவனுக்கு அங்கே திட்டு விழும்.

“கைல திருப்புனா வர்றது தூசி மூடி,” என்றார் முனுசாமி, எனக்கும் புரியும்படி. “ஸ்பேனர் போட்டாதான் வர்றது அடைப்பு. இது ரெண்டு விரல்ல வந்துச்சி.”

“இது கையால வர்ற அடைப்புண்ணா. எண்ணெய்க் குழாய்ல கடைசி அடைப்பை எடுத்துட்டு ஓட்டுனா என்ன ஆகும்?”

“பீச்சிகினு ஊத்தும்,” என்றார் உடனே. பிறகு சர்வர் இருந்த திசையைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், பொரியை மெல்வதை நிறுத்தினார். “அடப்பாவி. அப்ப இவ்ளோ நேரமும் ஊத்திகினா கீது?”

மூன்று மாத வகுப்பில் என்னால் புரியவைக்க முடியாததை அவர் அரை நிமிடத்தில் புரிந்துகொண்டார்.

மூடி எங்கே என்றேன். அவர் மெதுவாகக் கையை நீட்டினார். மூடித் தொட்டி. ஒரு ஆள் குந்தி உட்காரலாம், அவ்வளவு பெரியது. பூஜைக்காக அதிலிருந்த மூடிகள் மொத்தத்தையும் முந்தாநாள் மண்ணெண்ணெயில் அலசியிருந்தார்கள். எல்லாம் ஒன்றுபோல மின்னின. மணி பதினொன்று முப்பத்தைந்து.

உள்ளே மரை இல்லாத மூடி

மாற்று மூடி என் பையில் இல்லை. பதினான்கு வரியில் பை பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் பதினைந்தாவது வரியை அன்றே எழுதினேன்.

கஸ்தூரி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். சர்வர் பக்கம் இருக்கும் இன்னொரு மூடியைக் காட்டினால் அதைப் பார்த்துத் தேடலாமே என்றார். அதைக் கழற்றிக்கொண்டு வந்து முனுசாமியிடம் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. சுண்டுவிரலை உள்ளே விட்டுத் திருப்பினார்.

“இதுல மரை இல்லியே.”

உண்மைதான். அந்த மூடி திருகி ஏறுவதில்லை. பக்கவாட்டில் இரண்டு பள்ளம், அதில் மாட்டிக் கால் சுற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். தொட்டியில் இருந்தவை எல்லாம் திருகு மரை வெட்டிய மூடிகள்.

அதற்குப் பிறகு என் உதவி யாருக்கும் தேவைப்படவில்லை. நான்கு சாக்கைத் தரையில் விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தார்கள். புதுச்சட்டைக் கைகளை மடித்துவிட்டு இருபது பேரும் குந்தினார்கள். ஒவ்வொரு மூடியாக எடுத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டு, மரை தட்டினால் அப்பால் எறிந்தார்கள். மரையின் அளவைத் தொட்டே சொல்கிற விரல்கள் அவை. இரும்பு மழை பெய்வதுபோலச் சத்தம்.

“மூடிக்கு மரை இல்லன்னா பரவால்ல,” என்றார் ஒரு கடைசல்காரர், நிமிராமலே. “நம்ம முனுசாமி அண்ணாத்தேக்குக் கயண்டு எத்தினி வருசமாச்சி.”

“நீ தேடுடா. உன் மூஞ்சியவும் மண்ணெண்ணெயில அலசியிருக்கணும்.”

முதலாளியும் குந்தி உட்கார்ந்தார். கரை வேட்டியைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர் ஒரு காலத்தில் கடைசல் மெஷினில் நின்றவர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வேறு யாரையும் விட வேகமாக அவர் விரல் போனது.

பதினொன்று நாற்பத்தெட்டு.

“வழவழன்னு கீது,” என்றார் முனுசாமி. எல்லாக் கையும் நின்றது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இரண்டு பள்ளம். “இதான். வெச்சவனே எடுத்துட்டேன்.” முதலாளி முகத்தில் ஒரு கணம் சின்ன ஏமாற்றம் தெரிந்தது. தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்திருப்பார் போல.

மண்ணெண்ணெயில் குளித்த மூடி பிழைத்திருக்குமா? மீட்டரை வைத்தேன். ஐம்பது. இந்தத் தடவை ஐம்பதுதான் சரி. இரண்டு கோடியிலும் மாட்டிவிட்டு, மறுபடி கஸ்தூரி அக்காவின் மேசைக்கடியில் படுத்தேன். இருபத்தைந்து.

கஸ்தூரி அக்கா நாற்காலியில் உட்கார்ந்து தன் பெயரை அடித்தார். சர்வர் அவரை உள்ளே விட்டது. அச்சு இயந்திரம் கிரீச்சென்று ஒரு வரி அடித்து நின்று, பயமுறுத்திவிட்டு, மீதியையும் அடித்தது. கற்பூரம் ஏற்றினார்கள்.

அப்புறம் ஒரு கேள்வி

முதலாளி சலானைக் கிழித்து எடுத்தார். மடித்தார். ஆனால் பொட்டலங்களோடு சேர்த்து வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“ஓடிடுச்சு. சரி. ஆனா மூணு மணி நேரம் நின்னுடுச்சே. நாளைக்கு இதே மாதிரி ஆனா, இந்தப் பொண்ணு ஆவடியிலேருந்து வர்ற வரைக்கும் நாங்க கையைக் கட்டிகிட்டு நிக்கணுமா?”

என்னைக் கேட்டதாக நினைத்து, ஒப்பந்தத்தில் உள்ளபடி நான்கு மணி நேரத்துக்குள் வருவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது கஸ்தூரி அக்காவை.

அக்கா சலானைப் பார்த்தார். தன் மேசையைப் பார்த்தார். பிறகு குனிந்து மேசைக்கடியில், அந்தக் கறுப்புக் கேபிள் போகும் இடத்தைப் பார்த்தார். நான்கு மாதத்தில் முதல் தடவை.

“நான் பார்த்துக்கறேங்க ஐயா,” என்றார்.

முதலாளி சலானைப் பொட்டலங்களுக்கு நடுவில் வைத்தார்.

அன்று மதியம் கஸ்தூரி அக்கா என்னை வீட்டுக்கு விடவில்லை. என் பதினைந்து வரிகளையும் அவருடைய தமிழில் அடித்துக்கொண்டார். ‘டிக் போடுமுன் இரண்டு முறை யோசி’ என்று ஒரு வரியைத் தானாகவே சேர்த்தார். நான் ஆட்சேபிக்கவில்லை. மீட்டரை எந்த இடத்தில் வைப்பது, கேபிளைப் பாதியில் பிரித்து எந்தப் பாதியில் கோளாறு என்று பார்ப்பது எப்படி என்றெல்லாம் கேட்டார். மேசைக்கடியில் படுக்க முழங்கால் ஒத்துக்கொள்ளாததால் பாயைச் சுருட்டி வைத்து மண்டியிட்டார். ஒயரைத் தொட்ட முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது தடவை திறந்திருந்தார்.

அந்த மாதம் அவர்கள் ஒரு மல்டிமீட்டர் வாங்கினார்கள். அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அங்கிருந்து எனக்குப் புகாரே வரவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, பாடி ஆபீஸில் போன் மணி அடித்தது. கஸ்தூரி அக்கா குரல் என்றதும் பையைத் தோளில் மாட்டிவிட்டேன். மொத்தமும் படுத்துவிட்டதா என்று கேட்டேன்.

“படுத்துது. காலையில எட்டரைக்கு. பாதியில பிரிச்சேன், இந்தப் பக்கம் நல்லா இருந்துச்சு. அப்புறம் அந்தப் பக்கம் போனா, திட்டப் பிரிவு சார் மேசைக்கடியில இணைப்பு தொங்குது. தினம் காலை நீட்டி உதைச்சிருக்காரு.”

“நான் வரட்டுமாக்கா?”

“எதுக்கு? ஒன்பது மணிக்கே ஓடுது. சும்மா சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினார். சிரிப்பை அடக்குவது போனிலேயே தெரிந்தது. “அந்த சார் என்னைக் கேட்டாரு, யாரைக் கேட்டு என் மேசைக்கடியில பூந்தீங்கன்னு. என்னோட சர்வர் சார், எங்க வேணா பூருவேன், காலை எடுங்கன்னேன்.”

“எடுத்தாரா?”

“நாற்காலியோட பின்னாடி போயிட்டாரு. இரு வசந்தி, அங்க யாரோ கூப்பிடறாங்க,” என்று போனை வைத்துவிட்டார்.